புற்று நீங்கியது, முகம் மாறியது: வெளியே வரத் தயங்கும் விவசாயிக்கு

கேள்வி: "என் வீட்டுக்காரருக்கு 54 வயது. ஒன்றரை ஏக்கரில் மல்லிகை வைத்திருக்கிறோம். மூக்கின் இடது பக்கம் மிளகு அளவு கருப்பாக ஒரு புண் மூன்று வருஷமாக ஆறாமல் இருந்தது. ஆவணி மாதம் பரிசோதித்து, தோல் புற்றுநோய் என்று சொல்லி வெட்டி எடுத்தார்கள். நெற்றித் தோலைத் திருப்பிக் கொண்டுவந்து மூக்கில் தைத்தார்கள். புரட்டாசியில் இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. புற்று முழுவதும் போய்விட்டது என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் மூக்கு தடித்து வீங்கியிருக்கிறது, நெற்றியில் நீளமாகத் தழும்பு. இருட்டோடு பூப்பறிக்கப் போய், விடிவதற்குள் வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்கிறார். பூ மார்க்கெட்டுக்கு நான்தான் போகிறேன். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். 'நான் மணவறைக்கு வரவில்லை, என் தம்பி நின்று தாரை வார்க்கட்டும்' என்கிறார். விவசாய அதிகாரியிடம் இதைக் கேட்கலாமா என்று தெரியவில்லை. வேறு யாரிடம் கேட்பது?"

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நிலக்கோட்டை பகுதி

பதில்: தாராளமாகக் கேட்கலாம், சகோதரி. செடிக்கு நோய் வந்தால் மட்டும்தான் எங்களிடம் வர வேண்டும் என்று சட்டம் இல்லை. நான் மருத்துவன் அல்ல. தைத்த இடத்தைப் பற்றிய முடிவு எதுவானாலும் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை. ஆனால் ஒட்டுக் கட்டுவது பற்றியும், ஒரு விவசாயி எந்தெந்த இடத்தில் நாலு பேரைச் சந்திக்க வேண்டியிருக்கும் என்பது பற்றியும் எனக்குக் கொஞ்சம் தெரியும். அதை வைத்து எழுதுகிறேன். முடிந்தால் இந்தப் பக்கத்தை அவர் கையிலேயே கொடுங்கள்.

நெற்றித் தோல் மூக்குக்கு வந்தது எப்படி?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இந்தப் பிரிவுக்கு 'ஒட்டுறுப்பு அறுவை சிகிச்சைத் துறை' என்று பலகை இருக்கும். பெயரிலேயே ஒட்டு இருக்கிறது. மாவில் நெருக்கு ஒட்டுக் கட்டுவதை நினைத்துப் பாருங்கள். தாய் மரத்தின் கிளையை வெட்டாமல், தொட்டியில் உள்ள நாற்றோடு சேர்த்துக் கட்டுகிறோம். ஒட்டுப் பிடிக்கும்வரை தாய் மரம் அந்தக் கிளைக்குச் சாறு கொடுக்கிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து, நாற்றின் வேரிலிருந்து உணவு ஏறத் தொடங்கிய பிறகுதான் கிளையைத் தாய் மரத்திலிருந்து பிரிக்கிறோம்.

உங்கள் வீட்டுக்காரருக்குச் செய்ததும் இதே முறைதான். நெற்றித் தோலை முழுதாக அறுத்து எடுக்காமல், புருவத்துக்கு அருகே ரத்தக் குழாய் உள்ள காம்பை விட்டுவிட்டு, கீழே திருப்பி மூக்கில் தைக்கிறார்கள். சுமார் மூன்று வாரத்தில் மூக்கிலிருந்து புது ரத்தக் குழாய்கள் அந்தத் தோலுக்குள் வளர்ந்துவிடும். அதன்பின் காம்பை வெட்டிவிடுகிறார்கள். அதுதான் புரட்டாசியில் நடந்த இரண்டாவது ஆபரேஷன்.

இது நேற்று வந்த வைத்தியம் அல்ல. உடலின் வேறிடத்துத் தோலைத் திருப்பி மூக்கு அமைப்பதைச் சுஸ்ருத சம்ஹிதை சொல்கிறது. 1792ஆம் ஆண்டுப் போரில் ஆங்கிலப் படைக்கு மாடு ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் படையிடம் பிடிபட்டு மூக்கு அறுக்கப்பட்டார். புனே பகுதியில் செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்த ஒருவர் அவருக்கு நெற்றித் தோலால் மூக்கு அமைத்துக் கொடுத்தார். 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் அந்தச் செய்தி படத்தோடு வந்தது. அதைப் படித்த கார்ப்பியூ என்ற ஆங்கில மருத்துவர் 1814ல் தன் நாட்டில் அதே முறையைச் செய்து பார்த்தார். உலகம் நம்மிடம் கற்றுக்கொண்ட வைத்தியம் இது. முதலில் ஊர் அறிய அதைத் தாங்கிய முகம் ஒரு மாட்டுக்காரருடையது. உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள்.

இப்போது தெரிவது கடைசி முகம் அல்ல

ஒட்டுக் கட்டிய செடியைப் பதினைந்தாம் நாள் பார்த்துவிட்டு, 'காய்க்காது' என்று யாரும் பிடுங்கிப் போடுவதில்லை. இரண்டு மூன்று மாதத்தில் மூக்கு தடித்து, உருண்டு, பளபளப்பாகத் தெரிவது வழக்கம்தான். வீக்கம் மெல்ல மெல்ல இறங்கும். தழும்பு முதலில் கெட்டியாக, சிவந்தோ கறுத்தோ இருக்கும். மிருதுவாகி நிறம் அடங்க ஒரு வருஷம்வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். தேவைப்பட்டால் சில மாதம் கழித்து, தடித்த இடத்தை மெலிதாக்கும் சிறு ஆபரேஷனும் செய்வார்கள். 'இன்னும் சரிசெய்ய வேண்டியது இருக்கிறதா?' என்று அடுத்த முறை போகும்போது கேளுங்கள்.

வேறு சில விஷயங்களும் பயமுறுத்தும். மூக்கில் மரத்துப்போன உணர்வு இருக்கும். சிலருக்கு மூக்கைத் தொட்டால் நெற்றியைத் தொட்டது போலத் தெரியும். நெற்றித் தோலோடு முடிவேர் வந்திருந்தால் மூக்கில் முடி முளைக்கும், அதை நீக்க வழி உண்டு. இவை எதுவும் ஆபரேஷன் தவறிவிட்டதற்கு அடையாளம் அல்ல.

ஆனாலும் பழைய முகம் அப்படியே திரும்பி வரும் என்று சொல்லி அவரைத் தேற்றாதீர்கள். வராது. தழும்பு மங்கும், மறையாது. அதைத் தெரிந்துகொண்டு வெளியே வருகிறவர்தான் நிலைத்து நிற்பார்.

காட்டு வேலையில் கவனம்

வெயில்: புதுத் தழும்பில் வெயில் பட்டால் கறுத்துப்போகும். தோல் புற்றுக்கு வெயிலும் ஒரு காரணம். காலை 10 மணிக்குமேல் மாலை 4 மணிவரை நேர் வெயில் வேண்டாம். தலையில் கட்டும் துண்டு மண்டையைக் காக்குமே தவிர மூக்கைக் காக்காது. நாலு விரல் அகலத்துக்குமேல் விளிம்பு உள்ள ஓலைத் தொப்பி நல்லது. டாக்டரிடம் கேட்டு, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத வெயில் களிம்பு பூசட்டும்.

மருந்தடிப்பு: புண் முழுதாக ஆறி, டாக்டர் சரி என்று சொல்லும்வரை தெளிப்பானைத் தொடக் கூடாது. அதன்பின்னும் முகக்கவசத்தின் விளிம்போ, மூக்குக் கண்ணாடியோ புது மூக்கை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பீடி, சிகரெட், புகையிலை: இவை ரத்த ஓட்டத்தைச் சுருக்கும். ஒட்டுக்குத் தண்ணீர் மடையை அடைப்பது போலத்தான். அடுத்து ஒரு சிறு ஆபரேஷன் இருக்கலாம் என்றால் கட்டாயம் விட வேண்டும்.

தழும்பு: சிலிக்கான் களிம்பு பூசலாமா, விரலால் நீவிவிடலாமா, எப்போதிலிருந்து என்பதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். மஞ்சள், பச்சிலை, சுண்ணாம்பு, யாரோ கொடுத்த எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பார்க்கிறார்கள், கேட்கிறார்கள், என்ன செய்வது?

அவருடைய பயம் கண்ணாடியைப் பார்த்து அல்ல, ஊரைப் பார்த்து என்று நினைக்கிறேன். ஊர் பார்க்கத்தான் செய்யும். புதுப் பம்புசெட் வைத்தாலே நின்று பார்க்கிற ஊர் நம்முடையது. அந்தப் பார்வை எல்லாம் அருவருப்பு அல்ல. பாதிப் பேருக்கு என்ன கேட்பது என்று தெரியாத தடுமாற்றம்தான்.

என் பழைய வட்டாரத்தில் ஒரு வெங்காய விவசாயிக்குக் கன்னத்தில் இதுபோல் ஆபரேஷன் நடந்தது. முதல் இரண்டு மாதம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டுதான் கமிட்டிக்கு வருவார். துண்டைப் பார்த்துத்தான் எல்லோரும் விசாரித்தார்கள். பிறகு ஒரு பதில் தயார் செய்துகொண்டார்: "தோலில் கட்டி இருந்தது, எடுத்துவிட்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறேன். இன்றைக்கு என்ன விலை?" அவ்வளவுதான். கடைசியில் வருகிற விலைக் கேள்விதான் முக்கியம். பேச்சு முகத்தைவிட்டு வெங்காயத்துக்குப் போய்விடும். உங்கள் வீட்டுக்காரரும் தனக்கு வாய்க்கு வருகிற மாதிரி ஒரு பதில் வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் நாலு முறை சொல்லிப் பார்க்கட்டும்.

'தொற்றிக்கொள்ளுமா?' என்று யாராவது கேட்டால் பதில் ஒன்றே. புற்றுநோய் தொற்றாது. ஒரே டம்ளரில் குடிக்கலாம், ஒரே பாயில் படுக்கலாம், பேரப்பிள்ளையைத் தூக்கலாம்.

இப்போது முதல் தை வரை

ஒரே நாளில் மணவறையில் கொண்டுபோய் நிறுத்த முடியாது. தண்ணீர் காணாத நிலத்தில் ஒரேயடியாக மடையைத் திறந்துவிட்டால் ஓடித்தான் போகும். சிறிது சிறிதாகப் பாய்ச்ச வேண்டும்.

முதல் வாரம், பூப்பறித்துவிட்டு விடிந்த பிறகு வீட்டுக்கு வரட்டும். அவ்வளவு போதும். இரண்டாம் வாரம், நெருங்கிய ஒரு நண்பரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். மூன்றாம் வாரம் டீக்கடையோ பால் சொசைட்டியோ, பத்து நிமிஷம். அடுத்து பூ மார்க்கெட். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் எடை போடும் இடத்தில் அவர் நிற்கட்டும். முதல் முறை கஷ்டமாகத்தான் இருக்கும். அதே இடத்துக்கு மூன்று நாலு முறை போனால் பார்ப்பவர்களுக்கும் பழகிவிடும், அவருக்கும் பழகிவிடும். ஒரு படி கடினமாக இருந்தால் அதிலேயே இன்னொரு வாரம் இருக்கட்டும்.

வீட்டில் கண்ணாடியை எடுத்து மறைத்திருந்தால் திரும்ப மாட்டுங்கள். மறைத்தது கண்ணாடியை அல்ல, அவரைத்தான் என்று அவருக்குத் தோன்றும். பிள்ளைகள் பேசும்போது தரையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசட்டும். மார்க்கெட் கணக்கை அவரிடமே கொடுங்கள். குடும்பத்துக்குத் தான் தேவைப்படுகிறேன் என்று தெரிந்தால் பாதித் தயக்கம் போகும்.

சம்பந்தி வீட்டாருக்கு விஷயத்தை இப்போதே நேராகச் சொல்லிவிடுங்கள். முடிந்தால் கல்யாணத்துக்கு முன்பே அவர்களை ஒரு முறை சாப்பிட அழையுங்கள். முதல் பார்வை மேடையில் இல்லாமல் வீட்டுத் திண்ணையில் நடந்துவிடட்டும். அவருக்குக் கூச்சமாக இருந்தால், போட்டோக்காரரிடம் வலது பக்கம் நின்று எடுக்கச் சொல்லுங்கள். அதில் தப்பில்லை.

தாரை வார்ப்பது பற்றி நீங்களோ நானோ முடிவு செய்ய முடியாது. அவரை வற்புறுத்தவும் வேண்டாம், உடனே தம்பியிடம் சொல்லி மாற்று ஏற்பாடு செய்துவிடவும் வேண்டாம். மகளைத் தனியாக அப்பாவிடம் பேசவிடுங்கள். தனக்கு யார் கையால் தாரை வார்க்க வேண்டும் என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். அவர் மகள் வாயால் அதைக் கேட்க வேண்டும்.

இதைத் தள்ளிப்போடாதீர்கள்

தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், அதை வெறும் வருத்தம் என்று விட்டுவிடக் கூடாது. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம், நீங்களும் பேசலாம். ஒரு வேளாண் அலுவலனாக இதையும் சொல்லியாக வேண்டும்: வீட்டிலும் மோட்டார் அறையிலும் உள்ள பூச்சிமருந்து பாட்டில்களைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். அந்தப் பேச்சு வரும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே செய்யுங்கள்.

செலவு குறித்து: ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. சரிசெய்யும் ஆபரேஷன் தேவைப்பட்டால் அது திட்டத்தில் வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேளுங்கள்.

மறு பரிசோதனை: அறிக்கையில் 'பேசல் செல்' என்று இருந்தால், அது மெதுவாக வளர்வது, உடலின் வேறிடத்துக்குப் பரவுவது மிக அபூர்வம். 'ஸ்குவாமஸ் செல்' என்று இருந்தால் கழுத்து நெறிகட்டிகளையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். எதுவானாலும், ஒரு முறை வந்தவருக்கு வேறு இடத்தில் புதிதாக வர வாய்ப்பு உண்டு. எனவே டாக்டர் கொடுத்த தேதிகளைத் தவறவிடாதீர்கள்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் நிறத்துக்குத் தோல் புற்று குறைவுதான், வராது என்பதல்ல. நம்மவர்களுக்கு அது கருப்பாகவே தெரிவதால், மச்சம், மரு, கொசுக்கடி என்று வருஷக்கணக்கில் விட்டுவிடுகிறோம். முகத்திலோ, காதிலோ, பழைய தீப்புண் தழும்பிலோ ஒரு மாதமாகியும் ஆறாத புண், துண்டு பட்டாலே ரத்தம் கசியும் புண், ஓரம் உயர்ந்து பளபளக்கும் புண் இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறிதாக இருக்கும்போதே எடுத்தால் பெரும்பாலும் சிறு ஆபரேஷனோடு போய்விடும்.

சகோதரி, தை முடிந்ததும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். மல்லிகைக்குக் கவாத்து செய்துவிட்டீர்களா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த வேலையை வெயில் ஏறுவதற்குள் அவரையே செய்யச் சொல்லுங்கள்.