பராக்குப் பார்க்கவில்லை, அது வலிப்பு

வகுப்பில் உரக்க வாசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறது. கண் திறந்திருக்கிறது, இமை மட்டும் லேசாகத் துடிக்கிறது. பத்து விநாடியில் ஒன்றும் நடக்காததுபோல் மீண்டும் வாசிக்கிறது. “எங்கே பராக்குப் பார்க்கிறாய்?” என்று அதட்டல் விழுகிறது. அப்படி அதட்டுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வேண்டும் என்பேன்.

வலிப்பு என்றதும் கீழே விழுந்து துடிப்பவரும் அவர் கையில் சாவியைத் திணிப்பவர்களும்தான் நம் நினைவுக்கு வருகிறார்கள். (சாவியால் ஒரு பயனும் இல்லை.) ஆனால், பெரும்பாலும் 4 முதல் 10 வயதுக்குள் தொடங்கும் இந்த வகை வலிப்பில் பிள்ளை விழுவதில்லை. சில விநாடி நினைவு மட்டும் அறுந்துபோகும். ஒரே நாளில் பல தடவை வரும்.

காரணத்தைத் தேடினால் தாலமஸ் என்ற மூளைப் பகுதிக்குப் போக வேண்டும். நரம்பணுவுக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே கால்சியம் அயனி ஏறக்குறைய 10,000 மடங்கு அதிகம். சவ்விலுள்ள புரத வாசல் திறந்தால் அது உள்ளே பாயும். தாலமஸில் உள்ள ‘டி வகை’ வாசல்கள் சிறு மின்மாற்றத்துக்கே திறந்துகொள்பவை. தூக்கத்தில் நரம்பணுக்கள் ஒரே தாளத்தில் துடிக்க இவை உதவுகின்றன. விழித்திருக்கும்போது இதுபோன்றதொரு தாளம் மூளையைப் பிடித்துக்கொண்டால்? மின்வரைவில் விநாடிக்கு 3 அலைகள் தெரியும். பிள்ளைக்கு ஆசிரியர் குரல் எட்டாது. எத்தோசக்சிமைட் என்ற மருந்து 1960 வாக்கிலேயே வந்துவிட்டது. அது இந்த வாசல்களைத் தணிக்கிறது என்பதை 1989இல்தான் ஆய்வாளர்கள் காட்டினார்கள்!

2003இல் சீனாவில் இவ்வலிப்புள்ள 118 பேரைச் சோதித்தபோது, 14 பேரிடம் டி வகை வாசலுக்கான ஒரு மரபணுவில் மாற்றங்கள் இருந்தன. உடனே அதற்கு ‘வலிப்பு மரபணு’ என்று பெயர் சூட்டத் தோன்றும். எனக்கு அதில் உடன்பாடில்லை. மீதி 104 பேரிடம் அம்மாற்றங்கள் இல்லையே! பல மரபணுக்கள் சிறிது சிறிதாகச் சேர்ந்தே இவ்வலிப்புக்கு வழிவிடுகின்றன என்பதே இன்று வலுவான கருத்து. ‘பரம்பரை நோய்’ என்ற ஒரு சொல்லுக்காகப் பெற்றோர் பிள்ளையின் வலிப்பை மறைத்தால், நல்ல மருந்து இருந்தும் அது பிள்ளைக்குக் கிடைக்காமல் போகும்.

உங்கள் தம்பி தங்கையிடம் இப்படிக் கண்டால் கைப்பேசியில் பதிவு செய்து பெற்றோரிடம் காட்டுங்கள். மருத்துவர் சில நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வார். பெரும்பாலும் அவர் கண்முன்னேயே அது வந்துவிடும். இதை வீட்டில் நீங்களே செய்து பார்க்காதீர்கள்.