துணையோடு வரலாம், துணை வேலை செய்யலாமா?

வெளிநாட்டில் வேலை கிடைத்தால் சம்பளம் எவ்வளவு, வாடகை எவ்வளவு என்று கணக்குப் போடுகிறோம். கூடவே வரும் கணவனோ மனைவியோ அங்கே வேலை செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் மனிதவள மேலாண்மை படிக்கும் நான், ஒரு வகுப்புப் பணிக்காக விதிமுறைகளைப் புரட்டியபோது இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது.

சிங்கப்பூரையே எடுத்துக்கொள்வோம். எம்ப்ளாய்மென்ட் பாஸ் அல்லது எஸ் பாஸ் வைத்திருப்பவர் மாதம் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான சம்பளம் வாங்கினால், துணையையும் பிள்ளைகளையும் சார்ந்திருப்போர் அட்டையில் அழைத்து வரலாம். முன்பு அந்தத் துணைக்கு வேலை கிடைத்தால், முதலாளி மனிதவள அமைச்சிடம் இசைவுக் கடிதம் வாங்கினால் போதும். குறைந்தபட்சச் சம்பளம், ஊழியர் ஒதுக்கீடு, தீர்வை எதுவும் கிடையாது. 2021 மே 1 முதல் அது மாறிவிட்டது. இப்போது துணையும் மற்ற வெளிநாட்டினரைப் போல எம்ப்ளாய்மென்ட் பாஸ், எஸ் பாஸ், வொர்க் பர்மிட் ஆகியவற்றில் ஒன்றுக்குத் தகுதி பெற வேண்டும். சொந்தத் தொழில் நடத்துவோருக்கு மட்டும் விலக்கு உண்டு. அதற்கும் குறைந்தது 30 விழுக்காட்டுப் பங்கு வைத்திருக்க வேண்டும், உள்ளூர்வாசி ஒருவரையாவது வேலைக்கு எடுத்திருக்க வேண்டும்.

எங்கள் புளோக்கில் திருச்சியிலிருந்து வந்த அக்கா ஒருவர் இருக்கிறார். வணிகவியல் முதுகலை படித்தவர். ஒரு சிறு நிறுவனத்தில் காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மகளைப் பாலர் பள்ளியில் விட்டுவிட்டுப் போவார், பள்ளி முடியும் நேரத்தில் திரும்பிவிடுவார். இசைவுக் கடிதம் காலாவதியானதும் வேலை போனது. முதலாளிக்கு அவரை விட மனமில்லை. ஆனால் அரைநாள் சம்பளத்துக்கு எந்தப் பாஸும் கிடைக்காது.

“முழுநேரமா போயிருக்கலாமே அக்கா?” என்று கேட்டேன்.

“போனா புள்ளைய யாரு தம்பி பாக்குறது? போனாலும் அவங்க கேக்குற சம்பளத்த எனக்கு யாரு குடுப்பா?”

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கான குறைந்தபட்சச் சம்பளம் 2025 ஜனவரியில் 5,600 வெள்ளியானது. வயது கூடக் கூட அதுவும் கூடும். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு 10,700 வெள்ளி. பிள்ளை பெற்று ஐந்தாறு ஆண்டு வீட்டில் இருந்த ஒரு பெண்ணை இந்தச் சம்பளத்துக்கு எடுக்க எத்தனை நிறுவனங்கள் முன்வரும்? விதி இருபாலருக்கும் பொதுதான். ஆனால் பகுதிநேர வேலையை நம்பியிருப்பவர்களில் தாய்மார்களே அதிகம் என்பது நம் எல்லாருடைய வீடுகளிலும் தெரிந்த சங்கதி.

பணம் மட்டுமல்ல பிரச்சினை. சார்ந்திருப்போர் அட்டை, துணையின் பாஸோடு கட்டப்பட்டது. அது ரத்தானால் இதுவும் ரத்து. கணவன் வேலை இழந்தால் வீட்டில் இரண்டாவது வருமானம் இல்லை. மணவாழ்க்கை கசந்தால், தங்குவதற்கான உரிமையும் கைச்செலவும் ஒரே ஆளின் கையில். படித்த, தொழில் தெரிந்த ஒருவரை இந்த நிலையில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மறுபக்கத்து வாதத்தையும் தள்ளிவிட முடியாது. உள்ளூர்வாசியை எடுத்தால் முதலாளி மசேநி சந்தா கட்ட வேண்டும். வெளிநாட்டினருக்கு அது இல்லை; இசைவுக் கடிதக்காரருக்குத் தீர்வையும் இல்லை. அப்படியென்றால் முதலாளிக்கு யார் மலிவு? பகுதிநேர வேலை தேடும் நம்மூர் அம்மாக்களும் இருக்கிறார்களே. என் அம்மாவும் அவர்களில் ஒருவர்தான்.

ஆனால் ஓட்டையை அடைக்கக் கதவையே மூட வேண்டுமா? இசைவுக் கடிதத்தில் வேலை பார்த்தவர்கள், வேலை அனுமதி பெற்ற எல்லாரிலும் ஏறத்தாழ 1 விழுக்காட்டினரே என்று அமைச்சே அப்போது கூறியது. பகுதிநேர வேலைக்கு மட்டும் அந்தக் கடிதத்தைத் திரும்பக் கொடுக்கலாம். வாரத்துக்கு இத்தனை மணி நேரம் என்று வரம்பு வைத்து, மசேநிக்கு ஈடாக முதலாளியிடம் தீர்வை வசூலித்தால் உள்ளூர்வாசியைவிட அவர் மலிவாக இருக்கமாட்டார். இதற்குப் புது ஏற்பாடும் தேவையில்லை. சிங்கப்பூரர்களை மணந்து நீண்டகால வருகை அட்டையில் இருப்பவர்கள் இன்றும் இசைவுக் கடிதத்தில்தான் வேலை செய்கிறார்கள்.

மற்ற இடங்களில் விதிகள் பலவிதம். ஹாங்காங்கில் வேலைக்கு வரும் நிபுணர்களின் துணைவர்கள் 2006 முதல் தனி அனுமதியின்றி வேலை செய்யலாம். அமெரிக்காவில் எல்-1 விசாவில் போனால் துணைக்கு வேலை செய்யும் உரிமை உண்டு. எச்-1பி என்றால், 2015இல் வந்த விதிப்படி, நிரந்தரவாச விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டிய பிறகே துணை வேலை அனுமதி கேட்க முடியும். ஒரே ஊருக்குப் போகும் இரண்டு நண்பர்களின் குடும்பங்கள் விசா எழுத்தால் வேறு வேறு வாழ்க்கை வாழும். பிரிட்டனில் திறனாளர் விசாக்காரரின் துணை ஏறக்குறைய எந்த வேலையும் பார்க்கலாம். பராமரிப்பு ஊழியராகப் போனவர்களோ 2024 மார்ச் முதல் குடும்பத்தையே அழைத்துச் செல்ல முடியாமல் போனது.

படிப்பு முடிந்து நம்மில் பலர் சிட்னிக்கோ லண்டனுக்கோ போகத்தான் போகிறோம். சிலர் வேலை பார்க்கிறவராக, சிலர் கூடப் போகிறவராக. நிறுவனம் வேலைக் கடிதத்தை நீட்டும்போது விமானச் சீட்டு, தங்குமிடம் பற்றி அவர்களே சொல்லிவிடுவார்கள். துணைக்கு என்ன அட்டை, அதில் வேலை செய்யலாமா, அரைநாள் வேலைக்கும் அது செல்லுமா, என் வேலை போனால் எத்தனை நாளில் இருவரும் கிளம்ப வேண்டும் என்பதை மட்டும் நாமாகத்தான் கேட்க வேண்டும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே.