பழைய மோட்டார் சைக்கிளும் தகுதிப் பரீட்சையும்

திருவண்ணாமலையில் கிரிவலம் செய்வோர் நடக்கும் பாதை சுமார் 14 கிலோமீட்டர் நீளமுள்ளது. மலைக்கு மேற்கே அப்பாதையை ஒட்டி அமைந்திருக்கிறது அடி அண்ணாமலை கிராமம். பௌர்ணமி இரவுகளிலும் கார்த்திகை தீபத்தன்றும் லக்ஷக்கணக்கில் ஜனங்கள் திரளும்போது போலீஸார் வண்டிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துகின்றனர். மற்ற நாட்களிலோ, வெறுங்காலுடன் நடந்துவரும் யாத்ரீகரும், கழனிக்கும் சந்தைக்கும் போகும் கிராமவாசியின் மோட்டார் சைக்கிளும் ஒரே ரஸ்தாவைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த வண்டி எந்த வருஷத்தில் செய்யப்பட்டது என்பது யாத்ரீகருக்கு ஒரு பொருட்டன்று. நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்குமா, இருட்டில் அதன் விளக்கு எரியுமா என்பவையே அவருக்கு வேண்டிய விஷயங்கள். பழைய வண்டிகளைக் குறித்து இந்தியா சர்க்கார் செய்திருக்கும் விதிகள் இவ்விரண்டையும் போதிய அளவு கவனிக்கின்றனவா? இல்லை என்பதே நமது அபிப்பிராயம்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, சொந்த உபயோகத்துக்கான வண்டியின் பதிவு 15 வருஷங்களுக்குச் செல்லும். அதன் பின்னர் வண்டியை அதிகாரியிடம் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்த பதிவு 5 வருஷங்களுக்குச் செல்லும். ஆகவே, 40 வருஷ வயதான ஒரு மோட்டார் சைக்கிளை உத்தியோகஸ்தர் ஒருவர் இன்று பார்த்தால், மறுபடி பார்ப்பது 5 வருஷங்களுக்குப் பின்னரேயாகும். பிரேக் கட்டை தேய்வதற்கும், டயர் வெடிப்பதற்கும், சக்கரக் கம்பிகள் தளர்வதற்கும் 5 மாதமே போதும் என்பதை வண்டி ஓட்டுவோர் எவரும் அறிவர்.

2021-ம் வருஷம் ஜூலை மாதத்தில் சர்க்கார் புராதன வண்டிகளுக்கென்று தனி விதிகளைப் பிரசுரித்தனர். முதற்பதிவுத் தேதியிலிருந்து 50 வருஷங்களைக் கடந்ததும், ஆதி உருவம் மாறாததுமான வண்டிகளுக்கு அவை பொருந்தும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு 10 வருஷங்களுக்குச் செல்லும். ஆனால் அத்தகைய வண்டியைக் கண்காட்சி, பந்தய ஊர்வலம், ஆராய்ச்சி, எண்ணெய் நிரப்புதல், பழுதுபார்த்தல் போன்ற காரியங்களுக்கன்றி நித்திய உபயோகத்துக்கு ஓட்டலாகாது. பழம்பொருளைக் காப்பாற்றும் எண்ணம் நல்லதே. எனினும் இவ்விதிகளால் பயனடைவோர் யார்? வண்டியைக் கொட்டகையில் நிறுத்தித் துடைத்து வைக்கச் சக்தியுள்ள தனவான்களே. தகப்பனார் வாங்கிய வண்டியில் இன்றும் பால் கொண்டுபோகும் குடியானவனுக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. அவன் சாதாரண வழியிலேயே போக வேண்டும்.

அந்தச் சாதாரண வழியில் நடந்திருப்பதென்ன? மோட்டார் சைக்கிள் பதிவைப் புதுப்பிக்க முன்னர் 300 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 1,000 ரூபாயாயிற்று. 20 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2025 ஆகஸ்டில் அது 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதியான இரு சக்கர வண்டிக்கோ 20,000 ரூபாய்! பழைய வண்டிகளை ஜனங்கள் வைத்துக்கொள்ளாதபடி செய்வதே இதன் நோக்கம். கட்டணம் உயர்ந்ததால் எந்த வண்டியின் பிரேக்காவது பலப்பட்டதா? 2,000 ரூபாய் செலுத்தத் திராணியுள்ளவனுடைய கெட்ட வண்டி ஓடுகிறது. திராணியற்றவனுடைய நல்ல வண்டி மூலையில் நிற்கிறது, அல்லது பதிவில்லாமலே ஓடுகிறது. பணப்பையைச் சோதிப்பது வண்டியைச் சோதிப்பதாகாது.

வேறு தேசங்களின் அனுபவத்தைக் கவனிப்போம். இங்கிலாந்தில் தகுதிப் பரீட்சை 1960-ல் ஏற்பட்டது. இப்பொழுது 3 வயதான வண்டிகளுக்கு அது வருஷந்தோறும் நடைபெறுகிறது. ஆனால் பெரிய மாறுதல் செய்யப்படாத, 40 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2018 மே மாதம் முதல் விலக்களித்துவிட்டனர். அவை மிகச் சொற்பமாகவே ஓடுகின்றன, சொந்தக்காரர்கள் கண்போல் காக்கிறார்கள் என்பது அவர்கள் கூறும் காரணம். ஜெர்மனியிலோ, 30 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிக்குச் சரித்திர அடையாளப் பலகையும் வரிச் சலுகையும் கொடுத்தும், 2 வருஷத்துக்கொரு முறை பரீட்சையை விடவில்லை. இவ்விரண்டில் நமக்கு ஏற்றது எது? இங்கிலீஷ்காரரின் பழைய வண்டி ஞாயிற்றுக்கிழமை உல்லாசத்துக்கு வெளிவருவது. நம் நாட்டிலோ அது திங்கள் முதல் ஞாயிறு வரை நெல் மூட்டையும் குடும்பமும் சுமப்பது. அவர்களுடைய காரணம் இங்கே இல்லாதபோது அவர்களுடைய விலக்கும் இங்கே பொருந்தாது. ஜெர்மானியர் வழியே நமக்குத் தக்கது.

பழைய வண்டியெல்லாம் ஆபத்தானது என்று நாம் கூறவில்லை. 1955-ல் சென்னையில் என்பீல்டு இந்தியா கம்பெனி ஏற்பட்டுத் திருவொற்றியூரில் செய்த புல்லட்டும், 1961 முதல் மைசூரில் செய்த ஜாவாவும் சாமான்ய ஸ்பானர் கொண்டு கிராமத்து மெக்கானிக்கே பிரித்துப் பூட்டக்கூடிய எளிய யந்திரங்கள். புல்லட் பிறந்த இங்கிலாந்தில் அதன் தொழிற்சாலை மூடப்பட்ட பின்பும், தமிழ்நாட்டுத் தொழிலாளர் கையில் அது நிலைத்து வாழ்ந்தது. இத்தகைய யந்திரத்தை வயது ஒன்றையே காரணமாக்கி இரும்புக் கடைக்குத் தள்ளுவது பொருள்நாசம். அதுபோலவே, அது பிறந்த காலத்தில் இல்லாத திசைகாட்டும் விளக்கு முதலியவற்றை இப்பொழுது கேட்டுத் தள்ளுபடி செய்வதும் அநியாயம்.

அப்படியானால் அளவுகோல் என்ன? அது சர்க்காரிடமே இருக்கிறது. புகைப் பரிசோதனையில், 2000 மார்ச் 31-க்கு முன் செய்யப்பட்ட இரு சக்கர வண்டிக்குக் கார்பன் மோனாக்ஸைடு 4.5 சதவீதம் வரை அனுமதி. அதற்குப் பிற்பட்டதற்கு அதைவிடக் குறைந்த அளவே. அதாவது, வண்டி பிறந்த வருஷத்துக்கேற்ற அளவு என்னும் தர்மத்தைப் புகை விஷயத்தில் சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது. பிரேக் விஷயத்திலும் விளக்கு விஷயத்திலும் அதையே அனுசரிப்பதற்குத் தடையென்ன? 6 வோல்ட் விளக்கு இன்றைய விளக்கைப் போல் பிரகாசிக்க வேண்டுமென்று யாரும் கேட்கமாட்டார்கள். தனக்குரிய பிரகாசத்துடன் அது எரிந்தாக வேண்டும். டிரம் பிரேக் புதிய டிஸ்க் பிரேக்கைப் போல் பிடிக்காவிட்டாலும், தனக்குரிய தூரத்துக்குள் வண்டியை நிறுத்தியாக வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடுகிறது என்பதை நினைக்கையில் இது அற்ப விஷயமல்ல என்பது விளங்கும். 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் ரஸ்தா விபத்துக்களில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் பாதசாரி.

ஆகையால் நாம் வற்புறுத்துவன இவை. பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு 2 வருஷத்துக்கொரு முறை உண்மையான பரீட்சை நடக்க வேண்டும். முன்பின் பிரேக்குகள், டயர், சக்கரக் கம்பிகள், கைப்பிடித் தண்டின் ஆட்டம், சங்கிலி, விளக்குகள், ஹாரன் ஆகியவற்றைப் பரிசோதிக்க வேண்டும். பெட்ரோலில் இப்பொழுது 20 சதவீதம் எத்தனால் கலக்கப்படுவதால், பழைய ரப்பர்க் குழாய்கள் இற்றுக் கசிகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். கட்டணம் பரீட்சைச் செலவுக்கு மேற்படலாகாது. ஜில்லாத் தலைநகருக்கு ஜனங்களை அலைக்கழிக்காமல் உத்தியோகஸ்தர்கள் குறித்த தினங்களில் கிராமங்களுக்கு வர வேண்டும். தள்ளுபடி செய்தால் காரணத்தை எழுத்துமூலம் தமிழில் கொடுத்து, செப்பனிட்டுக் கொண்டுவர ஒரு மாதத் தவணை அளிக்க வேண்டும். இவ்வித ஏற்பாடு லஞ்சத்துக்கும் இடங்கொடாது. ஏனெனில் எழுதிக்கொடுத்த காரணத்தை எந்த மெக்கானிக்கும் சரிபார்க்கலாம்.

பொதுக் காரியங்களில் ஈடுபட்டுள்ள நமது நண்பர்கள் கட்டண உயர்வை எதிர்ப்பதோடு திருப்தியடைந்துவிடலாகாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 215-வது பிரிவு ஜில்லாதோறும் ரஸ்தாப் பாதுகாப்புக் கமிட்டிகளுக்கு இடமளிக்கிறது. அக்கமிட்டியின் முன்னும், சட்டசபை அங்கத்தினர்களிடமும், பார்லிமெண்டு அங்கத்தினர்களிடமும் இக்கோரிக்கையை வைக்க வேண்டும். வண்டிச் சொந்தக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: கட்டணம் அநியாயமென்று வாதாட உங்களுக்குப் பூரண உரிமையுண்டு, பிரேக் இல்லாத வண்டியை ஓட்ட எவருக்கும் உரிமையில்லை. அடி அண்ணாமலை ரஸ்தாவில் இரவில் நடந்துபோகும் கிழவிக்குக் கேடயமாக வேறொன்றுமில்லை. பின்னால் வரும் வண்டியின் பிரேக்கும் விளக்குமே உண்டு. அவ்விரண்டையும் பரீட்சிப்பது சர்க்காரின் கடமை. பரீட்சைக்கு மனமுவந்து உட்படுவது ஜனங்களின் கடமை.