ஓர் ஊரும் ஒரு தேர்வும்

திருவண்ணாமலையில் அரசுப்பணித் தேர்வுக்குப் பயிலும் நம் இளைஞர் பலர், சரியான ஆங்கிலச் சொற்றொடரைத் தேர்ந்தெடுப்பதில் வல்லவர். உயிரொலிக்குமுன் ‘ஏ’ வாராது, ‘ஆன்’ வருமென்பதை உறக்கத்திலும் உரைப்பர். தமிழிலோ ‘ஒரு ஊர்’ என்றெழுதுவர். ‘ஓர் ஊர்’ எனத் திருத்தினால் வியப்பர்! மலைபடுகடாம் பாடும் நன்னனின் செங்கம் இம்மாவட்டத்ததே. பிழை அவர்களதன்று, தேர்வு முறையினது.

நான்காம் தொகுதித் தேர்வில் நெடுங்காலம் தமிழுக்கு மாற்றாக ஆங்கிலத்தை வைத்திருந்தனர். 2021 திசம்பர் அரசாணை தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கி, நூற்றுக்கு 40 பெறவேண்டுமென்றது. நன்று. எனினும் 2024-இல் நடந்த இரண்டாம் தொகுதி முதனிலைத் தேர்விலும் ‘பொதுத்தமிழா, பொது ஆங்கிலமா’ என்னும் தெரிவு நீடித்தது. முதன்மைத் தேர்வில் தமிழ்த் தகுதித்தாள் உண்டெனில், வாயிற்படியில் ஆங்கிலம் எதற்கு? சவ்வாது மலை உழவன் தரும் முறையீடு தமிழில்தானே வரும்! அத்தெரிவை ஆணையம் உடனே நீக்குக.