செங்கிஸ்கான் இல்லாத செங்கிஸ்கான் கண்காட்சி

செங்கிஸ்கானைப் பற்றிக் கண்காட்சி நடத்தலாம். ஆனால் அதில் 'செங்கிஸ்கான்' என்ற பெயர் இருக்கக்கூடாது. 'பேரரசு' என்ற சொல் கூடாது. 'மொங்கோல்' என்ற சொல்லும் கூடாது. இது நகைச்சுவைத் துணுக்கல்ல. பிரான்சின் நான்ட் நகரக் கோட்டையில் அமைந்துள்ள வரலாற்று நூதனசாலையிடம் சீன அதிகாரிகள் விடுத்த கோரிக்கை.

உள்மொங்கோலியாவின் தலைநகர் ஹோஹோட்டிலுள்ள நூதனசாலையுடன் சேர்ந்து இக்கண்காட்சியை நடத்த நான்ட் நூதனசாலை திட்டமிட்டிருந்தது. பெயர்களை நீக்கச் சொன்னவர்கள் அத்துடன் நிற்கவில்லை. விளக்கக் குறிப்புகள், வரைபடங்கள், கண்காட்சி நூல் அனைத்தையும் தாமே மேற்பார்வை செய்ய வேண்டும் என்றனர். நூதனசாலை பணிய மறுத்தது. 2020 ஒக்டோபரில் கண்காட்சியை ஒத்திவைப்பதாகப் பகிரங்கமாக அறிவித்து, காரணத்தையும் வெளிப்படையாகச் சொன்னது. பின்னர் சுதந்திர மொங்கோலியாவின் துணையுடன், 2023 ஒக்டோபரில், செங்கிஸ்கானின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கி அதே இடத்தில் கண்காட்சி திறக்கப்பட்டது. 2024 மே வரை அது நடந்தது.

இதைக் கேட்டால் எம்மவரில் சிலர் தோளைக் குலுக்குவர். "புகாராவையும் சமர்கந்தையும் நாசமாக்கியவன் அவன். 1258இல் பக்தாதைச் சூறையாடி, கலீபாவைக் கொன்றவன் அவனது பேரன் ஹுலாகு. அந்தப் பரம்பரையின் பெயரைச் சீனர் அழித்தால் எமக்கென்ன நட்டம்?" என்பர்.

நட்டம் முதலில் எமக்குத்தான். கொன்றவனின் பெயரை நீக்கிவிட்டு, கொல்லப்பட்டவர்களின் கதையை எப்படிச் சொல்வது? மொங்கோல் என்ற சொல்லே இல்லாத வரலாற்றில் பக்தாத் யாரால் எரிந்தது? அது தானாகத் தீப்பிடித்ததா? பெயர் போனால் பழியும் போய்விடும்.

எமது வரலாற்றாசிரியர்கள் இதை அறிந்திருந்தனர். அந்தப் பேரழிவை எழுதுவதா வேண்டாமா என்று இப்னுல் அதீர் ஆண்டுக்கணக்கில் தயங்கினார், இறுதியில் எழுதினார். ஹுலாகுவின் பணியிலிருந்த ஜுவைனி, செங்கிஸ்கானின் எழுச்சியையும் எழுதினார், அவனால் பாழான நகரங்களையும் எழுதினார். பக்தாத் வீழ்ந்து முப்பத்தேழு ஆண்டுகளின் பின், 1295இல், ஹுலாகுவின் கொள்ளுப்பேரன் கஸான் இஸ்லாத்தைத் தழுவினான். அவனது அமைச்சர் ரஷீதுத்தீன் மொங்கோலியரின் குலமரபையும் வழக்காறுகளையும் விரிவாகப் பதிவு செய்தார். தம் நகரங்களை அழித்த ஒரு மக்களின் வரலாற்றை, அம்மக்களின் பெயரைச் சொல்லியே எழுதியவர்கள் இவர்கள். அந்த மரபில் வந்த நாம், பெயரழிப்புக்குக் கைதட்டுவது வெட்கக்கேடு.

இன்னொன்றையும் கவனியுங்கள். பீஜிங்குக்குச் செங்கிஸ்கான் மீது வெறுப்பில்லை. ஓர்தோஸில் அவனுக்கு 1950களில் பெரியதொரு நினைவு மண்டபம் எழுப்பியதும் சீன அரசுதான். அவனைச் சீன வரலாற்றின் நாயகனாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் மொங்கோலியர் என்ற தனி மக்களின் தலைவனாக உலகின் முன் நிறுத்தக்கூடாது என்பதே சங்கதி. அதே 2020 செப்டெம்பரில், உள்மொங்கோலியப் பாடசாலைகளில் மொங்கோலிய மொழியில் கற்பிக்கப்பட்ட மொழியிலக்கியம், அரசியல், வரலாறு ஆகிய பாடங்களைச் சீன மொழிக்கு மாற்றும் ஏற்பாடு தொடங்கியது. பெற்றோர் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பாமல் எதிர்ப்புக் காட்டினர். நூதனசாலையில் பெயரை வெட்டிய கத்தியும் வகுப்பறையில் மொழியை வெட்டிய கத்தியும் ஒன்றே.

இது புதிய வித்தையுமல்ல. சோவியத் செல்வாக்கின் கீழிருந்த மொங்கோலியாவில், 1962இல் செங்கிஸ்கானின் எண்ணூறாவது பிறந்த ஆண்டைக் கொண்டாடியதற்காகக் கட்சியின் உயர்பீட உறுப்பினர் தோமோர் ஒச்சிர் பதவி பறிக்கப்பட்டார். அன்று மொஸ்கோவுக்கு உறுத்திய பெயர்தான் பின்னர் பீஜிங்குக்கும் உறுத்தியது.

நாடோடி மக்களுக்கு இந்த இழப்பு மற்றவர்களைவிடப் பெரிது. கம்பளியால் போர்த்திய தம் 'கெர்' கூடாரத்தைப் பிரித்து வண்டியிலேற்றி, மேய்ச்சல் நிலத்துக்கு மேய்ச்சல் நிலம் பெயர்ந்தவர்கள் அவர்கள். கல்லில் கட்டி வைத்தது குறைவு. சொல்லும் பெயரும் பாட்டும் குலக்கதையுமே அவர்களது கோபுரங்கள். 'மொங்கோலியரின் இரகசிய வரலாறு' என்ற அவர்களது மிகப் பழைய நூல் எமக்குக் கிடைத்ததுகூட, மிங் காலத்துச் சீன எழுத்தர்கள் அதன் மொங்கோலிய ஒலிகளைச் சீன எழுத்தில் பெயர்த்து வைத்ததனால்தான். சீன எழுத்தர் காத்துத் தந்த பெயரைச் சீன அதிகாரி அழிக்கக் கேட்கிறார்!

இதனால் மறுகரையில் நிற்போருக்கு நாம் நற்சான்று வழங்கிவிடவில்லை. 'மொங்கோலிய அமைதி' என்றொரு சொற்றொடர் மேற்குலகில் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. பாதுகாப்பான பட்டுப்பாதை, அஞ்சல் குதிரைகள், தூதர்களின் அனுமதிப் பட்டயம், மத சகிப்புத்தன்மை என்று அடுக்குவார்கள். இவையெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த அமைதி மெர்விலும் நிஷாபூரிலும் விழுந்த பிணங்களின் மீது வந்தது என்பதை ஒரு சிறு குறிப்பில் அடக்கிவிட்டால், அதுவும் வெட்டுதான். கத்தி மட்டும் நளினமானது.

எமது கோரிக்கை எளிமையானது. குதிரைத் தலை பொறித்த மோரின் ஹூர் வாத்தியம் இருக்கும் மண்டபத்திலேயே பக்தாதும் இருக்கட்டும். மேய்ப்பனின் கூடாரத்தின் அருகே எரிந்த நகரின் வரைபடம் இருக்கட்டும். இரண்டையும் செய்தவர்களின் பெயர், அவர்களே தமக்கு இட்டுக்கொண்ட பெயர், இரண்டின் மேலும் தெளிவாக எழுதப்படட்டும். நான்ட் நூதனசாலை பெயரை விட்டுக்கொடுக்க மறுத்துத் தன் கடமையைச் செய்தது. அதைப் பாராட்டும் முதல் குரல், பக்தாதை மறவாதவர்களிடமிருந்தே எழ வேண்டும்.