காப்பியும் ஒரு கடனே

பிள்ளையார்பாளையத் தெருக்களில் பொழுது புலருமுன்பே தறியோசை எழுவது யாவரும் அறிந்ததே. அதற்கும் முன்னதாக எழுவது காப்பி மணம். காலையில் ஒன்று, பிற்பகலில் இரண்டு என்று வளர்ந்து, முகூர்த்த மாதங்களில் இரவு வேலைக்கும் காப்பியே துணையாகிறது. தலையோ இடுப்போ வலித்தால் மாத்திரையும் உடன் சேர்கிறது. காப்பியோடு உண்டால்தான் மாத்திரை கேட்கும் என்பது நம்மிடையே வழங்கும் பேச்சு. அதில் உண்மை எவ்வளவு என்று ஆராய்வது நலம்.

உண்மை சிறிது உண்டு. காப்பியிலும் தேயிலையிலும் இருப்பது காஃபீன் என்னும் பொருள். பாரசிட்டமால் போன்ற மருந்துடன் அது 100 மில்லிகிராமோ அதற்கு மேலோ சேர்ந்தால், மருந்தை மட்டும் உண்டோரைவிட நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை கூடுதலாக நல்ல நிவாரணம் பெறுவதாக ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியோர் கண்டுள்ளனர்.

ஆயின் காஃபீன் வேலை செய்யும் விதத்தையும் அறிதல் வேண்டும். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து, களைப்பை உணர்த்துகிறது. அது அமர வேண்டிய இடத்தில் காஃபீன் அமர்ந்துகொள்கிறது. களைப்பு தீருவதில்லை, மறைகிறது. உட்கொண்டதில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரமாகும். மாலை ஐந்து மணிக் காப்பி இரவு பத்து மணித் தூக்கத்தைக் கெடுக்கிறது. மறுநாள் அக்களைப்புக்கு மேலும் ஒரு காப்பி! இது கடனை அடைக்கக் கடன் வாங்குவதன்றி வேறென்ன?

வட்டியும் உண்டு. நாள்தோறும் அருந்துவோர் திடீரென நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கிச் சில நாட்கள் நீடிக்கலாம். ஆகவே குறைக்க விரும்புவோர் சிறிது சிறிதாகக் குறைப்பதே முறை. மேலும், தலைவலி மாத்திரைகள் பலவற்றில் காஃபீன் முன்னரே கலந்துள்ளது. அத்தகைய கூட்டு மாத்திரையை மாதத்தில் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் உண்டு வந்தால், அந்த மாத்திரையே தலைவலிக்குக் காரணமாகக்கூடும்.

மூளைக்கு நன்மை இல்லையா என்று கேட்கலாம். ஹவாய்த் தீவில் 8,004 ஆண்களைப் பல்லாண்டுகள் கவனித்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், காப்பி அருந்துவோரிடையே பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதம் குறைவாகக் காணப்பட்டது. காப்பிதான் காத்தது என்பதற்கு இது முடிவான சான்றாகாது. ஆரோக்கியமான பெரியோர்க்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வரை காஃபீன் தீங்கற்றது என்பர். கருவுற்ற பெண்களுக்கு 200 மட்டுமே.

நாம் காப்பிக்குப் பகைவர் அல்லர். நம் கேள்வி வேறு. குழித்தறியில் நாள் முழுதும் குனிந்திருந்து, மங்கிய வெளிச்சத்தில் கோர்வை சேர்ப்பவருக்கு வலி எங்கிருந்து வருகிறது? கழனியில் குனிந்து நாற்று நடுபவருக்கு எங்கிருந்து வருகிறது? வேலையின் அமைப்பிலிருந்தே வருகிறது. அதை மாத்திரையால் மூடிவைத்தால் உடல் தேயும். சேலை மட்டும் குறித்த நாளில் முடியும்.

1904ஆம் ஆண்டு அக்டோபரில் இந்நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது நம் காஞ்சியில்தான். வட்டிக் கொடுமையிலிருந்து மீளக் கூடிய நாம், உடல் படும் கடனைத் தனித்தனியே சுமப்பது தகுமோ? சேலை ஒப்படைக்கும் தவணையை இரவு வேலை வேண்டாத வகையில் அமைத்தல், தறிக்கு நல்ல விளக்கு, ஆண்டுதோறும் கண் பரிசோதனை, மருத்துவ முகாம் ஆகியவற்றை அடுத்த மகாசபையில் தீர்மானமாகக் கொண்டுவருமாறு அங்கத்தினர்களை வேண்டுகிறோம். வலி நீடித்தால் மருந்துக் கடைக்குச் செல்லாமல் மருத்துவரிடம் செல்க. நன்றாக உறங்கி எழுந்து அருந்தும் காலைக் காப்பிக்குச் சுவையும் அதிகம்.