ஆக்ஸில் மாறலாம், சுமை மாறக் கூடாது

ஃபோர்டு ரேஞ்சர் என்ற சிறு பிக்கப்பை ஓட்டும் அமெரிக்கர்களிடம் வெகுநாளாக ஒரு பட்டறைப் பழக்கம் உண்டு. வண்டியின் சொந்தப் பின் ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு, காயலான் கடையில் கிடக்கும் 1995–2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் ஆக்ஸிலைப் பொருத்துவார்கள். பாராட்ட வேண்டிய வேலைதான். ஆனால் இனி கூடுதல் பாரம் ஏற்றலாம் என்று நினைத்து அதைச் செய்பவர்கள் ஆபத்தை விலைகொடுத்து வாங்குகிறார்கள்.

சிறிய எஞ்சின் கொண்ட ரேஞ்சர்களில் பெரும்பாலும் 7.5 அங்குல கிரவுன் வீலும் 28 ஸ்ப்லைன் ஷாஃப்டும் இருக்கும். எக்ஸ்ப்ளோரரில் கிரவுன் வீல் 8.8 அங்குலம், ஷாஃப்டில் 31 ஸ்ப்லைன். ஸ்ப்லைன் (ஷாஃப்ட் முனையின் பற்கள்) கூடுதல் என்றால் ஷாஃப்டும் தடிமன். ஷாஃப்டின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே, முறுக்கைத் தாங்கும் வலு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். இதே 8.8 அங்குலக் குடும்பத்து ஆக்ஸில்கள் மஸ்டாங்கிலும் எஃப்-150 டிரக்கிலும் ஓடியதால் பல்சக்கரங்களும் பேரிங்கும் எளிதில் கிடைக்கின்றன. பெரிய டயர் மாட்டிப் பாறைத்தடத்தில் ஏறுபவருக்கும் வி8 எஞ்சின் வைத்தவருக்கும் இந்த வலு கட்டாயம் தேவை. மற்றவர்களுக்கு இதைவிடப் பெரிய லாபம், அந்த ஆக்ஸிலோடு சேர்ந்தே வரும் டிஸ்க் பிரேக். பெரும்பாலான ரேஞ்சர்களின் பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான்.

ஆனால் கழற்றி மாட்டினால் முடிந்துவிடும் வேலை அல்ல இது.

எக்ஸ்ப்ளோரரில் ஆக்ஸில், லீஃப் ஸ்பிரிங் பட்டைக்கு மேலே உட்காரும். ரேஞ்சரில் பட்டைக்குக் கீழே. ஆகவே பட்டை உட்காரும் பழைய தாங்கிகளை வெட்டி எடுத்துவிட்டு, ஆக்ஸில் குழாயின் மேல்பக்கம் புதியவற்றை வெல்டு வைக்க வேண்டும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய நிலையில் பினியனின் கோணத்தைப் பார்த்து, முதலில் புள்ளி வெல்டு மட்டும் வைப்பதே முறை. கோணம் பிசகினால் வேகம் எடுத்ததும் வண்டி அதிரும். ஜாயின்ட் கிராஸ் தேயும். ஒரே மூச்சில் வெல்டு அடித்தால் சூட்டில் குழாயே வளைந்துவிடும். கொஞ்சம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்க வேண்டும். நான்கு சக்கர இயக்க வண்டியானால் முன் ஆக்ஸிலின் கியர் விகிதமும் பின்னதும் ஒன்றாக இருந்தே ஆக வேண்டும். 3.55, 3.73, 4.10 என்று பல விகிதங்களில் வருவதால், டிஃபரென்ஷியல் மூடியில் தொங்கும் தகட்டையும் கதவோரக் குறியீட்டையும் படிக்காமல் வாங்கக் கூடாது.

இந்த ஆக்ஸில்கள் காயலான் கடைக்கு வந்த ஒரு வழியையும் சொல்ல வேண்டும். 2009-இல் பழைய வண்டிகளை ஒழிக்க அமெரிக்க அரசு பணம் கொடுத்தபோது, ஒப்படைக்கப்பட்டவற்றில் எக்ஸ்ப்ளோரர் முதலிடத்தில் இருந்தது. எஞ்சினை அழித்தே தீர வேண்டும் என்ற அத்திட்டத்தின் சட்டம், பின் ஆக்ஸிலைத் தனிப் பாகமாக விற்க இடம் கொடுத்தது. உருக்கப் போக வேண்டிய நல்ல இரும்பு இன்னொரு வண்டியில் உழைப்பதை வரவேற்கத்தான் வேண்டும்.

ஆனால் கதவோர ஸ்டிக்கரில் உள்ள மொத்த எடை வரம்பு ஆக்ஸிலை மட்டும் வைத்துப் போட்ட கணக்கல்ல. சேஸிஸ், பட்டை, டயர், முன் பிரேக் எல்லாம் அதில் அடங்கும். இவற்றில் ஒன்றை மட்டும் பலப்படுத்தினால் வரம்பு உயராது. மிதமிஞ்சிய பாரத்தில் ஆக்ஸில் தாங்கி நிற்கும்; டயர் வெடிக்கும், அல்லது இறக்கத்தில் வண்டி நிற்காது. அப்போது அடிபடுபவர் ஓட்டியவர் மட்டுமல்ல, எதிரே வருபவரும்தான்.

ஆக்ஸிலை மாற்றுபவர்கள் வெல்டிங்கைத் தேர்ந்த கையிடம் கொடுக்கட்டும்; பிரேக் முன்னும் பின்னும் சமமாகப் பிடிக்கிறதா என்று ஆளில்லாத சாலையில் சோதித்துப் பார்க்கட்டும். பாரத்தை மட்டும் பழைய ஸ்டிக்கரில் உள்ளபடியே ஏற்றட்டும்.